நெடுந்தீவுக்கு இவ்வளவு டீசல் எதற்கு?

தீவான்:
யாழ்ப்பாணத்துத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய மானியத்தில் வரும் கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டார்கள். சூரியசக்தி 1,700 கிலோவாட், காற்றாலை 530, பற்றரி 2,400 கிலோவாட்மணி. அதோடு டீசல் ஜெனரேற்றர் 2,500! வெயிலையும் காற்றையும் கூட்டினாலே 2,230தான். பேர்தான் பசுமை.

வைகைக்கரை:
ஜெனரேட்டர் எத்தனை கிலோவாட் என்பதை விடுங்கள், வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேளுங்கள். மூன்று நாள் மூட்டம், காற்றும் இல்லை என்றால் ஊர் முழுவதையும் அது ஒன்றே தாங்கணும். ஸ்டெப்னியும் மற்ற டயர் அளவுதான் இருக்கும், அதற்காக அதிலேயா ஓட்டுகிறோம்?

தீவான்:
ஸ்டெப்னியை டிக்கியில் போட்டு மறக்கலாம். நான் வேலை செய்த ஒரு நிலையத்தில் 100 கிலோவாட் மெஷினை இரவு முழுக்க 15, 20 கிலோவாட்டுக்கு ஓடவிட்டார்கள். புகைக்குழாய் மூட்டில் கறுப்புக் குழம்பு வடியும். எரியாத டீசலும் கரியும்! சோலார் பூட்டினால் பகலிலும் சுமை குறையும், எஞ்சினுக்கு இன்னும் கேடு.

வைகைக்கரை:
பேட்டரி இன்வெர்ட்டரே வோல்டேஜையும் 50 ஹெர்ட்ஸையும் பிடித்துக்கொண்டால் எஞ்சினை அடியோடு அணைத்துவிடலாம். ஓட்ட வேண்டி வந்தால் முக்கால் சுமையில் ஓட்டி, மிச்சத்தைப் பேட்டரியில் ஏற்றிவிட்டு மறுபடி அணைக்கலாம். அண்டார்டிகாவில் 2009-ல் திறந்த பெல்ஜியத்தின் இளவரசி எலிசபெத் நிலையம் 9 காற்றாலையும் சோலாரும் வைத்து ஓடுகிறது. அங்கேயும் அவசரத்துக்கு டீசல் உண்டு.

கடலோரன்:
அந்த உதாரணம் இங்கே ஒட்டாது. அங்கே கணினி முன்னுரிமை பார்த்து மின்சாரம் பங்கிடும். அவசரமில்லாத வேலை காத்திருக்கும், ஆராய்ச்சியாளர்களும் பொறுத்துக்கொள்வார்கள். நெடுந்தீவில் மாலை ஆறரைக்கு எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி, மின்விசிறி. யாரைக் காத்திருக்கச் சொல்வது? என் சண்டை பற்றரியோடுதான். ஒரு கிலோவாட் சோலார் தகடு நல்ல நாளில் நாலு யூனிட் (கிலோவாட்மணி) தந்தால் 1,700-க்கு 6,800 யூனிட். பற்றரி கொள்வது 2,400, அதையும் அடிவரை உறிஞ்ச முடியாது. பகலில் செலவாகாத மிச்சம் எங்கே போகும்?

வைகைக்கரை:
ஐஸுக்கு! மீன்பிடிக்கிற ஊர்தானே? பகலில் ஐஸ் மெஷினையும் குடிநீர் சுத்திகரிப்பையும் ஓட்டுங்கள். அப்புறம், தென்மேற்குக் காற்று ராத்திரியும் வீசுமே.

தீவான்:
வைகாசியில் இருந்து ஆவணி வரை வீசும், சரி. ஐப்பசி கார்த்திகை மாரியில்? ஐஸ் யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் உப்புக்காற்றில் இன்வேட்டர் போர்டு ஒன்று போனால் படகை எதிர்பார்த்து நிற்க வேண்டும். டீசல் எஞ்சின் என்றால் ஊரிலேயே ஒருத்தர் பிரித்துப் பூட்டிவிடுவார்.

கடலோரன்:
அண்ணை, அப்போ டீசல் வேணும் என்கிறீர்களா? முதலில் நீங்கள்தானே சண்டைக்கு வந்தீர்கள்!

தீவான்:
போர்டு ரெண்டு கூடுதலாக வாங்கித் தீவிலேயே வைக்கட்டும் தம்பி. பிறகு 2,500-ஐக் குறைப்பதைப் பற்றிப் பேசுவோம்.