பக்கக் காற்றில் ஜெட் இறங்கும்போது மூக்கு ஏன் கோணலா வருது?

முப்பந்தல்_காத்தாடி:
ஆனி, ஆடியில ஆரல்வாய்மொழி கணவாயில விநாடிக்கு 12 மீட்டர் காத்து சாதாரணம். திருவனந்தபுரத்துல அந்த மாசங்கள்ல இறங்குற விமானம் மூக்கைக் கடல் பக்கம் திருப்பிக்கிட்டே வருது. அப்படியே தரையைத் தொட்டா டயரும் சக்கரக் காலும் தாங்குமா? எவ்வளவு காத்து வரைக்கும் இறக்குவாங்க?

ஓடுபாதை_32:
12 மீட்டர்னா சுமார் 23 நாட் (விமானத்துல வேகத்தை இந்த அலகுலதான் சொல்வாங்க). ஆனா கணவாய்க் காத்தை விமான நிலையத்துக்குப் பொருத்தாதீங்க, அங்க மலை இடுக்குல காத்து வேகம் கூடுது. திருவனந்தபுரத்துல சிக்கலே வேற. ஓடுபாதை 14/32 (ஒரு முனையிலிருந்து 140 டிகிரி, மறுமுனையிலிருந்து 320 டிகிரி திசை) கிட்டத்தட்ட கரைக்கு இணையா கிடக்கு, கடல் காத்து குறுக்கேதான் வரும்.

270 டிகிரியில, அதாவது மேற்கே இருந்து 25 நாட் அடிக்குதுன்னு வைங்க. 32-ல இறங்கினா இடைக்கோணம் 50. எதிர்காத்து 16, பக்கக்காத்து 19 நாட். 138 நாட் வேகத்துல வர்ற விமானம் ஓடுபாதை நடுக்கோட்டுல நிக்கணும்னா மூக்கை 8 டிகிரி இடப்பக்கம் வச்சே ஆகணும். 14-ல வந்தா அந்த 16 நாட் முதுகுக் காத்தாயிடும். பொதுவா 10 நாட்டுக்கு மேல அதை அனுமதிக்கிறதில்ல.

நாஞ்சில்_சுக்கான்:
கடைசி கட்டம்தான் விஷயம். ஏர்பஸ் ஏ320-ல சுமார் 30 அடியில மூக்கைத் தூக்கும்போதே வலது ரடர் (வால் சுக்கான்) மிதிச்சு மூக்கைப் பாதைக்கு நேராக்கணும். அப்ப இடது இறக்கை முன்னால வீசி, தூக்குவிசை கூடி மேல எழும்பும். அடியில காத்தும் புகும். அதனால அதே நேரத்துல ஸ்டிக்கை (விமானத்தைச் சாய்க்கிற கைப்பிடி) கொஞ்சம் இடப்பக்கம் கொடுக்கணும். ரடர் மட்டும் மிதிச்சுட்டு ஸ்டிக்கை மறக்கிறதுதான் பலர் பண்ற பிழை. முன்கூட்டியே நேராக்கினா இன்னொரு தொல்லை: காத்து விமானத்தைக் கோட்டை விட்டுத் தள்ளிடும்.

பலத்த காத்துல மிச்சம் 5 டிகிரி வரை கோணலோட தொடலாம்னு ஏர்பஸ் சொல்லுது. அதைக் கால் தாங்கும். இறக்கையை ரொம்பச் சாய்க்கிறதுதான் ஆபத்து. போயிங் 737-ல இன்ஜின் தரைக்கு ரொம்பப் பக்கம், உரசிடும்.

முப்பந்தல்_காத்தாடி:
சரிண்ணே, மழையில நனைஞ்ச பாதைன்னா?

நாஞ்சில்_சுக்கான்:
மூக்கு இடப்பக்கம் பார்க்கும்போது ரிவர்ஸ் (வேகம் குறைக்க இன்ஜின் விசையை எதிர்ப்பக்கம் திருப்புறது) போட்டா, அந்த இழுவை வாலை நோக்கித்தானே? வால் வலப்பக்கம். காத்தும் அந்தப் பக்கமே தள்ளுது. டயர் பிடிமானம் பிரேக்குக்கே செலவாகிடும், விமானம் வழுக்கி ஓரத்துக்குப் போகும். உடனே ரிவர்ஸை ஐடிலுக்கு (குறைஞ்சபட்ச விசைக்கு) கொண்டுவந்து, பிரேக்கை விட்டு, ரடரால நடுக்கோட்டுக்கு வந்த பிறகு மறுபடி பிடிக்கணும்.

ஓடுபாதை_32:
எல்லை பத்திக் கேட்டீங்களே. பழைய ஏ320-க்குப் பக்கக்காத்து 33 நாட், திடீர் வீச்சோட 38. அது சோதனையில செஞ்சு காட்டின அளவு, அதுக்கு மேல முடியாதுன்னு அர்த்தமில்ல. ஆனா கம்பெனிகள் அதுக்குக் கீழேயே எல்லை வச்சுக்கும். நனைஞ்ச பாதைக்கு இன்னும் குறைவு. ஆட்டோலேண்ட்னா (விமானம் தானா இறங்குறது) ஏ320-க்கு 20 நாட்தான், அதனால காத்து நாள்ல கையாலதான் இறக்குவாங்க.

2008 மார்ச் 1-ல ஹாம்பர்க்ல ஒரு ஏ320 ஓடுபாதை 23-ல இறங்கும்போது இடது இறக்கை நுனி தரையில உரசிச்சு. மேல எழும்பி, காத்துக்கு அதிகம் எதிரா இருந்த 33-ல பத்திரமா இறங்கினாங்க. திருவனந்தபுரத்துல அந்த வசதி இல்ல, ஒரே ஓடுபாதை. காத்து ஒத்துவரலன்னா வட்டமடிச்சுக் காத்திருக்கணும், இல்ல கொச்சிக்குப் போகணும். அங்க பாதை 09/27, மேக்குக் காத்து நேரா மூக்குல அடிக்கும்.