கான்கிரீட் சுவரில் காடி வெட்டும் தூசி: மாஸ்க் மட்டும் போதுமா?

கேள்வி
வயரிங் பைப் பதிக்க 5 அங்குல ஆங்கிள் கிரைண்டரால் காடி வெட்டுகிறோம், தண்ணீர் இல்லாமல். நான்கு பேர், தினம் மூன்று மணி நேரம். எல்லோருக்கும் என்95 கொடுத்தாச்சு. இருந்தும் அறையே வெள்ளையாகிவிடுகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டலாமா? ஆட்களை மாற்றி மாற்றி விட்டால் போதுமா?

பதில் 1
மாஸ்க்கை கடைசியாக யோசியுங்கள். என்95 சரியாகப் பொருந்தினாலும் உள்ளே போகும் தூசியைப் பத்தில் ஒரு பங்காகத்தான் குறைக்கும் என்று கணக்கிடுவார்கள். கான்கிரீட் தூசியில் இருக்கும், நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்காவுக்கு அமெரிக்காவில் 8 மணி நேரச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம். காற்றில் அதன் 20 மடங்கு இருந்தால், மாஸ்க் போட்டும் இரண்டு மடங்கு மூச்சில் போகும். தாடி இருந்தால் அந்தக் கணக்கும் செல்லாது.

காடியே தேவையா என்று முதலில் பாருங்கள். அடுத்த தளத்திலாவது கான்கிரீட் ஊற்றும் முன்பே பைப்பை வைத்துவிடலாம். சில இடங்களில் சுவருக்கு வெளியே ஓட்டலாம்.

வெட்டித்தான் ஆகணும் என்றால், பிளேடை மூடும் ஷ்ரவுடும் வேக்குவமும். வேக்குவம் பிளேடு விட்டத்தில் அங்குலத்துக்கு 25 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு கன அடி) காற்றை உறிஞ்சணும். உங்களுக்கு 125, அதாவது நிமிடத்துக்கு சுமார் 3,500 லிட்டர். ஃபில்டர் 99% பிடிக்கணும், தானாகச் சுத்தமாகும் வசதியும் வேண்டும். வீட்டு வேக்குவம் சில நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும், நுண்தூசியை அறைக்கே திருப்பி ஊதும். ஷ்ரவுட் சுவரோடு ஒட்டி இருக்கட்டும். முடிந்தவரை பிளேடு சுழலும் திசைக்கு எதிராக நகர்த்துங்கள்.

பதில் 2
ஃபேன் பற்றி: உறிஞ்சும் வாயிலிருந்து அதன் விட்டத்தளவு தள்ளிப் போனாலே காற்றின் வேகம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். ஜன்னலில் இருக்கும் ஃபேன் பிளேடு முனைத் தூசியைப் பிடிக்காது, மிஞ்சியதை வெளியேற்றத்தான் உதவும். ஆளுக்கும் ஃபேனுக்கும் நடுவில் வெட்டும் இடம் வரட்டும். மாறி நின்றால் தூசி அவர் முகம் வழியாகத்தான் போகும்.

ஆள் மாற்றுவது தூசியைக் குறைக்காது, பங்கு போடும், அவ்வளவே. வெட்டும்போது மற்ற மூவரை வெளியே அனுப்புவது மேல்.

கேள்வி கேட்டவர்
சுவரை முன்கூட்டியே நனைத்தால்? முடிந்ததும் கம்ப்ரசரால் ஊதித்தான் சுத்தம் செய்கிறோம்.

பதில் 1
நனைப்பது மேற்பரப்போடு நின்றுவிடும். பிளேடு இறங்கும் ஆழம் காய்ந்தே இருக்கும். தண்ணீர் பிளேடு தொடும் இடத்தில் விடாமல் விழணும். அதற்கென்றே செய்த மெஷினில் மட்டும் செய்யுங்கள், 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். சேறு காயும் முன் அள்ளாவிட்டால் மறுபடி தூசிதான்.

கம்ப்ரசரை இன்றே நிறுத்துங்கள், உலர் துடைப்பமும் வேண்டாம். அதே வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். பையைக் கழற்றி மாற்றும்போதும் மாஸ்க் இருக்கட்டும்.