புட்டு தின்னும் வயிறு வலிச்சா, கோதுமை எங்கேருந்து வந்துச்சு?

மார்த்தாண்டம்காரி:
எங்க வீட்டுல கோதுமை கம்மிதான். காலையில புட்டும் பயறும், மத்தியானம் சோறும் மீன் குழம்பும், சாயந்திரம் மரச்சீனி, அதான் மரவள்ளிக் கிழங்கு. அதனால திருவனந்தபுரத்துல டாக்டர், "பையனுக்கு சீலியாக், கோதுமையில உள்ள குளூட்டன்ங்கிற புரதம் குடலைப் புண்ணாக்குற நோய். கோதுமை, பார்லி, ரை மூணும் ஆயுசுக்கும் வேண்டாம்"னு சொன்னப்போ, இவ்வளவுதானான்னு நெனச்சேன். எட்டு வயசுப் பையன், பார்த்தா அஞ்சு வயசு மாதிரி இருப்பான். ரெண்டு வருஷம் இரும்புச்சத்து டானிக் குடிச்சும் ரத்தம் ஏறல.

சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட், ரஸ்க் எல்லாத்தையும் நிப்பாட்டினோம். மூணு மாசமாகியும் வயித்துவலி போகல. "புட்டு தின்னா எந்தப் பிள்ளைக்காவது வயிறு வலிக்குமா மக்கா"ன்னு மாமியாருக்கு ஒரே ஆதங்கம்.

ஒருநாள் நானே மாவு மில்லுக்குப் போனேன். எனக்கு முன்னாடி ஒருத்தங்க கோதுமை அரைச்சாங்க. அது முடிஞ்ச கையோட நம்ம பச்சரிசியைக் கொட்டினாரு மில்காரர். முதல்ல விழுந்த ரெண்டு கை மாவு பழுப்பா இருந்துச்சு. பின்னால வெளுத்துடுச்சு, ரெண்டும் ஒரே பையில. நாமளும் காலங்காலமா அப்படித்தான் வாங்கிட்டு வாறோம், யாரும் சண்டை போட்டதில்ல. குளூட்டன் இல்லாததுன்னு பாக்கெட்ல போடணும்னா ஒரு கிலோவுல அது 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதாம். நம்ம பையில ரெண்டு கை கெடந்துச்சு!

இப்போ அரிசியை வீட்டுலயே கழுவி, ரெண்டு மணி நேரம் ஊற வச்சு, துணியில உலர்த்தி, ஈரம் லேசா இருக்கும்போதே மிக்ஸியில அரைச்சு சலிச்சு, மணம் வர்ற வரைக்கும் வறுத்து வைக்கேன். ஊறுறது, உலர்றது போக, அரைக் கிலோவுக்கு ஒரு மணி நேரம் போகுது. ஜாரும் சல்லடையும் புதுசு, அதுல வேற மாவு விழாது. புட்டுக்கு உப்புத் தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுப் பிசறணும். பிடிச்சா பிடிபடணும், உதிர்த்தா உதிரணும். கட்டி தட்டினா மிக்ஸியில ஒரு சுத்து விட்டா போதும்.

அப்புறம் பெருங்காயம். எழுத்து அவ்வளவு பொடிசு, கண்ணாடி போட்டுத்தான் வாசிச்சேன்: கோதுமை மாவு. தினமும் ரசத்துல போட்டுட்டிருந்திருக்கேன். இப்போ பூண்டு தட்டிப் போடுறதோட சரி.

செங்கோட்டை அத்தான்:
எனக்கும் சீலியாக்னு தெரிஞ்சப்போ வயசு 34. நம்ம ஊர்ப்பக்கம் பரோட்டா இல்லாம இருக்கிறதுன்னா என்னன்னு சொல்லவா வேணும்! கடையில போய் சாமர்த்தியமா தோசை கேட்டேன். பரோட்டா போட்ட கல்லுலயே ஊத்தினாங்க. அன்னைக்கு ராத்திரி பட்டபாடு எனக்குத்தான் தெரியும். சால்னாவுக்கும் சில இடத்துல மைதா கரைச்சு ஊத்துறாங்க. இப்போ ஆரியங்காவு தாண்டிப் போனா கட்டுச்சோறுதான்.

மாமியார் வீட்டுக் கதை தனி. பாவம், எனக்காகவே தனியா கேசரி கிண்டி வச்சிருந்தாங்க. "மாப்பிள்ளைக்குக் கோதுமை ஆகாதாமே, அதான் ரவையில பண்ணினேன்." ரவையும் கோதுமைதான்னு சொன்னா நம்பவே இல்ல. சேமியாவையும் சேர்த்துச் சொன்னதும் முகமே மாறிப்போச்சு. மறுவாரம் அரிசி நொய்யில தேங்காய்ப்பால் ஊத்திப் பாயசம் வச்சுக் கொடுத்தாங்க. கேசரியை விட அதுதான் ருசி, ஆனா அதை அங்கே சொல்லல.

தக்கலை அம்மா:
எங்க பொண்ணுக்கும் சீலியாக்தான். அவளுக்குப் புதுநன்மை, அதான் கோயில்ல முதல் தடவை நற்கருணை வாங்குற நாள், வந்தப்போதான் சிக்கல் வந்துச்சு. நற்கருணை அப்பம் கோதுமையில செய்ததாத்தான் இருக்கணும், அது கத்தோலிக்கச் சபைச் சட்டம். 2017-ல ரோமிலிருந்து வந்த கடிதத்துலயும் குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, குறைச்சலா உள்ளது செல்லும்னுதான் இருக்கு. பங்குச் சாமியார் பொறுமையா விளக்கினாரு. திராட்சை இரசத்தை மட்டும் வாங்கினாலும் முழு நன்மைதான்னு சொன்னாரு. ஆனா அவரோட பாத்திரத்துல அப்பத்துல ஒரு துண்டு போடுவாங்களே, அதனால எங்க பொண்ணுக்குன்னு சின்னக் கிண்ணம் ஒண்ணு தனியா வச்சாங்க. வரிசையில நின்ன மத்த பிள்ளைகளுக்கு அந்தக் கிண்ணத்து மேலதான் கண்ணு.

நாகர்கோவில் மைனி:
மார்த்தாண்டம் தங்கச்சி, பிள்ளைக்கு முந்திரிக்கொத்து செய்து கொடுங்க, பயறு உருண்டையை மாவுல முக்கிப் பொரிக்கிற நம்ம ஊர்ப் பலகாரம். கடையில வாங்காதீங்க, மேல்மாவுல மைதா கலக்காங்க. பாசிப்பயறு கால் கிலோ, சிவக்க வறுத்து ரவை மாதிரி மிக்ஸியில உடைங்க. ஒரு மூடி தேங்காய் துருவி ஈரம் போக வறுக்கணும். எள்ளு, ஏலம், சுக்கு. பாகு உருட்டுப் பதம் வந்ததும் எல்லாத்தையும் கொட்டிக் கிளறி, சூட்டோடவே சின்ன உருண்டையா பிடிக்கணும். ஆறிட்டா உதிரும்.

மேல்மாவுதான் வித்தை. வெறும் அரிசிமாவைக் கரைச்சா எண்ணெயில கழண்டு போகும். பச்சரிசியோட ஒரு கை உளுந்து ஊறவச்சு நைசா அரைச்சு, மஞ்சளும் உப்பும் போட்டா ஒட்டிப் பிடிக்கும். எண்ணெய் புதுசா இருக்கட்டும். மைதாவுல ஏத்தன்பழம் பொரிச்ச எண்ணெயில இதைப் போட்டா பட்ட பாடெல்லாம் வீண்.

குழித்துறை தம்பி:
நானும் உடம்பு குறைக்கக் கோதுமையை விட்டாச்சு. டெஸ்ட் எதுக்கு, விட்டாப் போதும்லா?

மார்த்தாண்டம்காரி:
தம்பி, வயித்துல ஏதாவது சந்தேகம் இருந்தா முதல்ல டெஸ்ட் எடுங்க, அப்புறம் விடுங்க. கோதுமையை நிறுத்திட்டு எடுத்தா, நோய் இருந்தாலும் ரத்தத்துல காட்டாமப் போகலாம். குடல் சதை எடுத்துப் பார்த்தாலும் அப்படித்தான். உடம்பு குறைக்கிற கணக்கு எனக்குத் தெரியாது, என் பையனுக்கு ஏறணும். ஏழு மாசத்துல மூணு கிலோ ஏறியிருக்கான்.

மாமியாருக்கு இப்போ பெருமை தாங்கல. திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியை ஊரெல்லாம் நட வச்ச கதையை அவனுக்குச் சொல்லிச் சொல்லியே கிழங்கும் மத்திக் கறியும் ஊட்டுறாங்க. "ராஜாவே சொன்ன சாப்பாடுலே, தின்னு." போன வாரம் கிழங்கை வேகவச்சு மசிச்சு, தேங்காய், சின்ன உள்ளி, பச்சமிளகாய் போட்டு வடை மாதிரி தட்டி, தோசைக்கல்லுல சுட்டேன். பள்ளிக்கூடத்துக்கு ஆறு கொடுத்து விட்டேன். சிநேகிதன் நாலு தின்னுட்டானாம், இவன் பசியோட வந்தான். இனி பத்து வைக்கணும்.

மைனி, பயறு வறுத்தாச்சு. சர்க்கரையா கருப்பட்டியா?

நாகர்கோவில் மைனி:
கருப்பட்டி. மண்ணு கிடக்கும், பாகை வடிகட்டாம விட்றாதீங்க.