ஒரு நாளிதழின் இணையதளம் உங்களுக்குத் தனித்துத் தெரிந்த தருணம் எது? – பெங்களூரு நண்பர்களின் அனுபவங்கள்

அல்சூர்வாசி:
2016 செப்டம்பர் 12 எப்படிப்பட்ட நாள் என்று இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விநாடிக்கு 15,000 கன அடியை 12,000 ஆகக் குறைத்தாலும், காவிரியில் 20ஆம் தேதிவரை தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் நீர் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; அதை எதிர்த்து பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகளைக் கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். நான் வொயிட்ஃபீல்டு அலுவலகத்தில், கீழே நின்ற தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியை நினைத்தபடி, மூன்று நாளிதழ்களின் தளங்களைத் திறந்து வைத்திருந்தேன். இரண்டில் நகரமே பற்றி எரிவதாகத் தலைப்பு இருந்ததே தவிர, எந்தச் சாலையில், எத்தனை மணிக்கு என்பது இல்லை. மூன்றாவதில் ஒரே ஒரு வரி: "மாலை 5.40: பழைய மதராஸ் சாலையில் மறியல் என்று பரவும் தகவல் தவறு; எங்கள் செய்தியாளர் அங்கேதான் நிற்கிறார், வாகனங்கள் ஓடுகின்றன." அந்த வரியை நம்பித்தான் வண்டியை எடுத்தேன். அதன் பிறகு, செய்திக்குப் பக்கத்தில் மணி குறிக்காத தளத்தை என்னால் செய்தித்தளமாகவே எண்ண முடியவில்லை.

கம்மனஹள்ளி மீனா:
நண்பர் நேரக் குறிப்பைப் பெரிதாகச் சொல்கிறார். நான் அதை ஏற்கவில்லை, ஏனெனில் என்னை அழவைத்த செய்தியிலும் மணி சரியாகவே இருந்தது. அதே நாள் இரவு திருநெல்வேலியிலிருந்து அம்மா அழைத்து, "உங்கள் தெருமுனையில் பேருந்து எரிகிறதே, நீ வீட்டில்தான் இருக்கிறாயா?" என்று கேட்டார். ஊர்ப் பத்திரிகையின் தளத்தில் அவர் பார்த்த படத்தைத் திறந்தால், அது எப்போதோ, எங்கோ எடுத்த படம். அந்தப் பேருந்தின் வண்ணம்கூட இப்போது ஓடுகிறவற்றின் வண்ணம் இல்லை. காவிரிக்காகத் தமிழர்கள் தாக்கப்பட்ட 1991 டிசம்பரை இதே ஊரில் கடந்து வந்த எங்களுக்கு எரியும் பேருந்தின் படம் வெறும் படமன்று. மறுநாள் அச்சிலும் அதே படம்தான் வந்தது, ஆனால் கீழே "கோப்புப் படம்" என்று போட்டிருந்தார்கள். அச்சுக்கு இருந்த கூச்சம் இணையத்துக்கு ஏன் இல்லாமல் போயிற்று என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

சிவாஜி நகர் ஓய்வூதியர்:
இருவரும் அந்தந்த நாளைப் பற்றியே பேசுகிறீர்கள். என் குறை நாள் கடந்தபின் வருவது. 1991 முதல் மூடியே கிடந்த அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டபோது கூட்டத்தில் நானும் நின்றேன். அந்தச் செய்தியின் இணைப்பைப் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்தேன். சென்ற ஆண்டு பேரனுக்குக் காட்டலாம் என்று திறந்தால் "பக்கம் காணப்படவில்லை" என்று வருகிறது.

ஆகவே இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவும் முன் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. உலவு மையத்தில் அதை இறக்காவிட்டால் செய்தி முழுவதும் புரியாத குறிகளாகத்தான் தெரியும். அந்தப் பழைய பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றி, முகவரியும் கெடாமல் காத்துவரும் தளமே மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. ஒரு தளத்தை மதிப்பிட வேண்டுமானால் இன்றைய முகப்பைப் பார்க்காதீர்கள். பத்தாண்டுக்கு முந்தைய செய்தி ஒன்றைத் தேடிப் பாருங்கள். தலைப்பில் உள்ள சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். வேண்டிய பக்கத்தை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அன்றே பதிந்து வையுங்கள்; திரைப்பிடிப்பில் தேதியும் முகவரியும் தெரியும்படி எடுங்கள். மின்னிதழுக்குச் சந்தா கட்டுமுன், பழைய இதழ்கள் எத்தனை நாள்வரை கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அல்சூர்வாசி:
ஐயா, அறிவுரைக்கு நன்றி. ஆனால் அன்று மாலை 5.40க்கு நான் காப்பகத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

முன்னாள் உதவி ஆசிரியர்:
ஒரு நாளிதழின் இணையப் பிரிவில் இரவுப் பணியில் இருந்தவன் நான். எந்தச் செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற எண்ணிக்கை எங்கள் தலைக்கு மேலிருந்த திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். இணையத்துக்குக் கூச்சம் ஏன் இல்லை என்ற மீனாவின் கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்தத் திரைதான். ஒரு விபத்துச் செய்தியில் இறந்தவர் ஊரை நான் தவறாக எழுதிவிட்டேன். கண்டுபிடித்ததும் திருத்தி, கீழே "முதலில் தவறாகக் குறிப்பிட்டிருந்தோம்" என்று ஒரு வரி சேர்த்தேன். பொறுப்பாசிரியர் வந்து, ஊர்ப் பெயர் மாறினால் போதும், அந்த வரி வேண்டாம் என்றார். 'தி இந்து' 2006இலேயே வாசகர் சுட்டும் பிழைகளைக் கவனிக்க 'வாசகர் ஆசிரியர்' ஒருவரை அமர்த்தித் தன் பிழைகளை வெளிப்படையாக அச்சிட்டுவந்ததை நினைவூட்டினேன். அவர் சிரித்துவிட்டு, என் கணினியிலேயே, என் பெயரில், அந்த வரியை நீக்கினார். இரண்டு நாள் கழித்து அந்தக் குடும்பத்தவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, முதல் செய்தியைப் படித்த உறவினர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டதாகவும், நாங்கள் அப்படி எழுதியதற்கு இப்போது சான்றே இல்லையே என்றும் சொன்னார். அழைப்பை எடுத்தவன் நான்தான்.