‘ரைக்ஸ்ஷ்டாட்’டுக்குத் தமிழில் என்ன சொல்வது? ஆக்ஸ்பர்க் கட்டுரையை முன்வைத்து

அனைவருக்கும் வணக்கம்.

தென் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தைப் பற்றிய நம் வரலாற்றுக் கட்டுரையில், ‘ரைக்ஸ்ஷ்டாட்’ (நடுவில் வேறு பிரபு இல்லாமல் புனித உரோமைப் பேரரசருக்கு நேர்க்கீழ் இருந்த நகரம்) என்ற ஜெர்மன் சொல்லுக்குச் ‘சுதந்திரப் பேரரசு நகரம்’ என்று வருவது பொருந்தவில்லை என்று இழையில் இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே உறுத்தல்தான். சுதந்திரம் என்றதும் நம் வாசகர் 1947-க்குப் போய்விடுவார். இந்த நகரமோ பேரரசரிடமிருந்து விடுதலை வாங்கியதே இல்லை. வரி கட்டியது, படை அனுப்பியது. 1548-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் நேரில் வந்து, 1368 முதல் நடப்பிலிருந்த கைவினைக் குழுக்களின் ஆட்சிமுறையைக் கலைத்து, பரம்பரைச் செல்வக் குடும்பங்கள் கையில் நகர்மன்றத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். தடுக்க ஆளில்லை. இதையா சுதந்திரம் என்பது?

> ‘பேரரசு நகரம்’ போதுமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான், ஆனால் தலைநகரம் என்று படிப்பார்கள். புனித உரோமைப் பேரரசுக்கு நிலையான தலைநகரமே கிடையாது என்பது வேறு கதை.

> ‘நேரடி ஆட்சி நகரம்’ எப்படி?

ஐயா, நம் செய்தித்தாள் வழக்கில் இது ஆட்சியைக் கலைத்துவிட்டு ஆளுநரை உட்கார வைப்பது மாதிரி ஒலிக்கிறது. இங்கே நடந்தது தலைகீழ். பேரரசர் தூரத்தில் இருந்தார், ஆண்டது நகர்மன்றம். ‘நேரடி’ என்ற கருத்து மட்டும் சரி. ஜெர்மனில் இந்த நிலையைக் குறிக்கும் ‘உன்மிட்டல்பார்’ என்பதற்கே ‘நடுவில் ஒருவர் இல்லாத’ என்றுதான் பொருள்.

நடுவில் யார் இருந்திருப்பார்கள் என்று பார்த்தால்தான் சொல் பிடிபடும். கி.மு. 15-ஐ ஒட்டி உரோமைப் பேரரசர் அகஸ்டஸுடைய மனைவியின் முதல் மணத்து மகன்கள் துரூசசும் திபேரியுசும் ஆல்ப்ஸைக் கடந்து வந்தபோது அமைந்த படைமுகாமிலிருந்து வளர்ந்த ஊர் இது. பிறகு உரோமரின் ரேத்தியா மாகாணத்தின் தலைநகர். உரோமர் போனபின் ஊருக்குப் பெரியவர் ஆயர் (பிஷப்). 955-இல் மாகியார்கள் (ஹங்கேரியர்) முற்றுகையிட்டபோது மதிலுக்குள் நின்று ஊரைக் காத்தவர் ஆயர் உல்ரிக். ஆகவே வணிகர்களுக்கும் பேரரசருக்கும் நடுவில் இருந்தது ஆயரின் அதிகாரம்தான். அதை ஒரே நாளில் உடைக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார்கள். 1156-இல் பேரரசர் பார்பரோசா தந்த நகர உரிமைப் பத்திரம், 1276-இல் அரசர் ஹாப்ஸ்பர்க் ருடால்ஃபின் அனுமதியோடு நகரமே தொகுத்துக்கொண்ட சட்டநூல், கடைசியில் 1316.

அந்த 1316 ஆவணத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1314-இல் ஒரே அரியணைக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பவேரிய லூட்விக் ஒருவர், ஹாப்ஸ்பர்க் ஃபிரெடரிக் மற்றவர். ஆக்ஸ்பர்க் லூட்விக் பக்கம் நின்றது. அதற்கு அவர் தந்த வாக்குறுதி, இந்த நகரத்தைப் பேரரசிலிருந்து ஒருபோதும் பிரித்து யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்பது. அந்தக் காலத்து அரசர்களுக்குப் பணமுடை வந்தால் நகரங்களை அடகு வைப்பது வாடிக்கை. மீட்க முடியாமல் போனால் வாங்கிய பிரபுவே நிரந்தர எசமானர். ஆக, நகரம் கேட்டது விடுதலை அல்ல. ‘எங்களை விற்காதே, அடகு வைக்காதே, நடுவில் ஆள் வைக்காதே.’ இவ்வளவுதான் அந்த நிலையின் சாரம். நம் சொல் இதைச் சொன்னால் போதும்.

என் முன்மொழிவு: பேரரசுத் தனிநகரம்.

‘தனி’யை நானாகப் பிடிக்கவில்லை. சோழர் கல்வெட்டுகளில் ‘தனியூர்’ என்ற ஆட்சிச் சொல் இருக்கிறது. சிதம்பரத்தைத் ‘தனியூர் பெரும்பற்றப்புலியூர்’ என்றே குறிப்பார்கள். சுற்றியுள்ள நாட்டுப் பிரிவுக்குள் அடங்காமல் தானே ஓர் அலகாக நின்ற ஊர் என்று பொருள். உத்திரமேரூரைக் ‘காலியூர்க் கோட்டத்துத் தன்கூற்று’ என்று சொல்வதும் இதே வகை. தனியூர்களில் பெரும்பாலும் பிரமதேயங்கள், அதாவது பிராமணருக்குக் கொடையாக விட்ட ஊர்கள். ஆக்ஸ்பர்க்கோ நெசவும் வட்டியும் வெள்ளிச் சுரங்கப் பங்கும் நடத்திய வணிகர் ஊர். பேரரசு அவையில் இடம், பிற நகரங்களோடு உடன்படிக்கை செய்யும் உரிமை இவையெல்லாம் தனியூருக்குக் கிடையாது. எனவே இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இடைப்பட்ட அடுக்கைத் தாண்டி நிற்பது என்ற ஒரு பொருளுக்கு நம்மிடம் ஏற்கெனவே வேர் இருக்கிறது, அதை எடுத்தாள்வோம் என்கிறேன்.

இன்னொரு வசதி. இந்த நிலை நகரங்களுக்கு மட்டும் உரியதல்ல. ஷ்வைன்ஃபுர்ட் அருகே கோக்ஸ்ஹைம், சென்ஃபெல்ட் என்று இரண்டு கிராமங்களே பேரரசுக்கு நேர்க்கீழ் இருந்தன. அவற்றைப் ‘பேரரசுத் தனியூர்’ என்று அப்படியே சொல்லிவிடலாம். மடங்களுக்குப் ‘பேரரசுத் தனிமடம்’. ஆக்ஸ்பர்க்கிலேயே புனித உல்ரிக்–ஆஃப்ரா மடம் 1640-களில் இந்தத் தகுதியைப் பெற்றது. தனிநகரத்தின் மதிலுக்குள் ஒரு தனிமடம்; பேராலய வளாகமோ இன்னமும் ஆயர் கையில். வரைபடத்தில் வண்ணம் தீட்டுகிறவர் பாடு திண்டாட்டம்தான். பண்புப்பெயர் வேண்டுமிடத்தில் ‘பேரரசுத் தனிநிலை’. ‘தன்கூற்று’ அழகான சொல், ஆனால் இன்று படிப்பவருக்கு ‘தன்னைப் பற்றிச் சொன்னது’ என்று ஆகிவிடும். விட்டுவிடலாம்.

> ‘தனி’ என்றால் தனித்தொகுதி நினைவு வருமே?

வரும். ஆனால் ‘தனி வட்டாட்சியர்’, ‘தனி அலுவலர்’ என்றும் தினமும் பார்க்கிறோம். முன்னால் ‘பேரரசு’ இருக்கும்போது குழப்பம் வராது. ‘தனிநகர்’ என்று குறுக்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன். புறவழிச்சாலை ஓரத்தில் மனைப்பிரிவு போட்டு விற்பது போல் இருக்கிறது.

> இன்றைய ஆக்ஸ்பர்க் எந்த மாவட்டத்திலும் சேராத நகரம். அதற்கும் ‘தனிநகரம்’ என்றுதானே வரும்?

அம்மையார் எழுப்பிய இந்தக் கேள்விதான் இழையிலேயே கனமானது. இன்றைய ‘கிரைஸ்ஃப்ரை’ தகுதி வெறும் நிர்வாக ஏற்பாடு. அதை ‘மாவட்டம் சாரா நகரம்’ என்று நீட்டியே எழுதுவோம். கட்டுரையில் இரண்டும் வரும், நடுவில் 1806 இருக்கிறது. 1803-இல் சுமார் 50 தனிநகரங்களை ஒரே மூச்சில் அண்டை அரசுகளுக்குப் பங்கிட்டபோது தப்பியவை ஆறு: ஆக்ஸ்பர்க், நியூரம்பர்க், ஃபிராங்க்ஃபர்ட், பிரேமன், ஹாம்பர்க், லூபெக். 1805 டிசம்பரில் பிரெஸ்பர்க் உடன்படிக்கை ஆக்ஸ்பர்க்கைப் பவேரியாவுக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டு பவேரியா பொறுப்பேற்றது. சில மாதங்களில் பேரரசே இல்லை. லூட்விக்கின் வாக்குறுதி கிட்டத்தட்ட 490 ஆண்டுகள் தாங்கியிருக்கிறது. அடகுக்கடைக் காலத்து அரசர் ஒருவரின் சொல்லுக்கு அது பெரிய ஆயுள்.

அடகு என்றதும் நினைவுக்கு வருவது ஆக்ஸ்பர்க்கின் ஃபுகர் வணிகக் குடும்பம். 1367-இல் நெசவாளியாக ஊருக்குள் வந்த ஹான்ஸின் பேரன் யாக்கோப், 1519-இல் சார்லஸை அரசராகத் தேர்ந்தெடுக்கச் செலவான 8,51,918 குல்டனில் (அக்காலப் பொற்காசு) 5,43,585 குல்டனைத் தன் கணக்கில் கொடுத்தார். நான் இல்லாவிட்டால் உங்களுக்கு மணிமுடி கிடைத்திருக்காது என்று 1523-இல் அரசருக்கே கடிதம் எழுதிக் கடனைக் கேட்டார். பேரரசின் கீழ் நேராக நிற்கும் நகரத்துக் குடிமகன் பேரரசரிடம் வசூலுக்குப் போகிறார்! அவர் 1521-இல் ஏழைக் கத்தோலிக்கருக்கு நிறுவிய ஃபுகரை குடியிருப்பில் இன்றும் ஆண்டு வாடகை ஒரு ரைன் குல்டன்தான், அதாவது 88 செண்ட். நாளுக்கு மூன்று செபம் தனி.

இனி இரண்டாவது சொல், ‘பாரிட்டேட்’: கத்தோலிக்கரும் லூத்தரன்களும் (மார்ட்டின் லூத்தர் வழிச் சீர்திருத்த சபையார்) பதவிகளைச் சரிபாதியாகப் பகிரும் ஏற்பாடு. இதில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. 1530-இல் லூத்தரன் விசுவாச அறிக்கையை வாசித்த ஊர், 1555-இல் சமய அமைதி ஒப்பந்தம் ஆன ஊர். ஆனால் உள்ளூரில் அமைதி இல்லை. 1584-இல் புதிய நாட்காட்டி போப்பாண்டவருடையது என்பதற்காகவே லூத்தரன்கள் அதை மறுத்துத் தெருவில் இறங்கினார்கள். முப்பதாண்டுப் போரில் மாறி மாறி இரு தரப்பும் அடிவாங்கியபின், 1648-இல் தீர்வு எழுதினார்கள். ஆக்ஸ்பர்க், பிபரக், டிங்கல்ஸ்ப்யூல், ராவன்ஸ்பர்க் ஆகிய நான்கு தனிநகரங்களிலும் பதவிகளை இரு சபையாரும் பகிர வேண்டும். ஆக்ஸ்பர்க்கின் தலைமைப் பதவி இரண்டில் ஒன்று கத்தோலிக்கருக்கு, ஒன்று லூத்தரனுக்கு. ஒரே ஆள் வகிக்கும் பதவியென்றால் ஆண்டுக்கு ஒரு சபை.

இதற்குச் ‘சமத்துவம்’ என்று இழையில் வந்த பரிந்துரை எனக்கு உடன்பாடில்லை. ஆள்தொகை எப்படி மாறினாலும் பங்கு மாறாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். அது சமத்துவம் ஆகாது, பாகப்பிரிவினை. ‘இருசபைச் சமபங்கு’ என்று இப்போதைக்கு வைக்கிறேன். திருச்சபைச் சட்டத்தில் புழங்குகிறவர்கள் இதைவிட நல்லது சொன்னால் மாற்றிவிடலாம்.

அந்த இரட்டைத் தலைமைப் பதவியின் பெயர் ‘ஷ்டாட்ஃப்ளேகர்’. மேயர் என்றால் தவறு, மேயருக்கு வேறு ஜெர்மன் சொல் இருக்கிறது. ‘நகரக் காப்பாளர்’ என்று எழுதலாமா? ‘காவலர்’ வேண்டாம், போலீஸ் ஆகிவிடும். வேறு பரிந்துரை இருந்தால் இந்த இழையிலேயே இடுங்கள். கலைச்சொல் பட்டியலில் ‘பேரரசுத் தனிநகரம்’, ‘பேரரசுத் தனியூர்’, ‘பேரரசுத் தனிநிலை’ மூன்றையும் வரைவாகச் சேர்த்திருக்கிறேன். மறுப்பு வராவிட்டால் நியூரம்பர்க் கட்டுரையிலும் இதையே ஆள்வோம்.