உதவி: லோகோ எழுத்துரு அடுத்தவர் கணினியில் ஏ பி சி என்று வருகிறது

குத்துவிளக்கு:
அவசரம் நண்பர்களே. சங்கத்து லோகோவை எழுத்துருவாக லெட்டர்ஹெட்டில் போட்டிருக்கிறேன். எனக்கு மூன்று கலரில் அழகாகத் தெரிகிறது. செயலாளருக்கு அனுப்பினால் வெறும் ஏ பி சி தெரிகிறதாம், அதுவும் கலர் கலராக! நாளை அச்சுக்குப் போகணும்.

மைப்புட்டி:
வேர்டா, லிப்ரே ஆபீஸா? அனுப்பியது டாக்ஸா, பிடிஎஃபா? எழுத்துரு எங்கே கிடைத்தது?

நீலவானம்:
கலர் எழுத்துரு என்றால், எழுத்துருக் கோப்புக்குள் நிறத்தைச் சொல்லும் சிஓஎல்ஆர் அட்டவணையாக இருக்கும். விண்டோஸ் 8.1-இல்தான் அது வந்தது. செயலாளரிடம் இருப்பது பழைய விண்டோஸாக இருக்கும், பாருங்கள்.

குத்துவிளக்கு:
வேர்டு, டாக்ஸ். எழுத்துரு, ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு செய்யும் மென்பொருளில் நானே செய்தது. லோகோ ஒரு விளக்கு: ஏ தட்டினால் தண்டு, பி அகல், சி சுடர். ஏ, பி இரண்டுக்கும் அகலம் பூச்சியம். மூன்றையும் தட்டி ஆளுக்கொரு கலர் கொடுத்தால் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிடும்.

பித்தளைஅச்சு:
இதை முதலிலேயே சொல்ல என்ன? இங்கே யாரும் ஜோசியம் பார்ப்பதில்லை. வண்ணத்துக்கு ஒரு கட்டை என்று மரஅச்சுக் காலத்திலேயே செய்த வேலை இது. அந்தக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். வேர்டு ஆப்ஷன்ஸில் 'சேவ்' பகுதிக்குப் போய் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே உட்பொதியுங்கள். தேடிப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும்.

சின்னத்தம்பி77:
எஸ்விஜி படமாகப் போட்டால் போச்சு. எதற்கு இந்தச் சுற்று?

நீலவானம்:
வரி நடுவே எழுத்து அளவுக்கே லோகோ வரணும் என்றால் எழுத்துருதான் சுகம். ஆனால் ஏ பி சி இடத்தில் படம் வைப்பது, ஆங்கில எழுத்து இடத்தில் தமிழை வைத்த பாமினி எழுத்துரு காலத்துப் புத்தி. யூனிகோடில் அவரவர் சொந்தக் குறிகளுக்கென விட்டிருக்கும் தனிப்பயன் பகுதியில், ஈ000 எண்ணிலிருந்து வைக்கணும்.

பித்தளைஅச்சு:
பாமினியைக் குறை சொல்லாதீர்கள். எத்தனை அச்சகம் இன்னும் அதில் ஓடுகிறது தெரியுமா?

நீலவானம்:
ஓடட்டும். 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக்கியாச்சு.

பித்தளைஅச்சு:
கூடவே டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையையும் ஏற்றதே! அது உட்கார்ந்திருப்பதும் உங்கள் தனிப்பயன் பகுதியில்தான்.

குத்துவிளக்கு:
ஐயா, உட்பொதியும் டிக்கைப் போட்டுப் பார்த்தாச்சு. அங்கே அதே ஏ பி சி. இங்கே சுடர் நுனி வேறு வெட்டுப்படுகிறது.

மைப்புட்டி:
எழுத்துருவே அனுமதி மறுக்கிறது போல. ஃபான்ட்ஃபோர்ஜில் ஃபான்ட் இன்ஃபோ, ஓஎஸ்/2, அதில் எம்பெடபிள் என்ன காட்டுகிறது? 'நெவர் எம்பெட்' என்றால் வேர்டு பொதியாது. 'இன்ஸ்டாலபிள்' ஆக்கி, மறுபடி உருவாக்கி, பழையதை நீக்கிவிட்டு நிறுவுங்கள். அப்புறம் டாக்ஸைத் திறந்து சேமியுங்கள். நுனி வெட்டுக்கு அதே ஓஎஸ்/2-இல் வின் அசென்ட் பாருங்கள்; சுடர் அந்த உயரத்தைத் தாண்டினால் விண்டோஸ் நறுக்கிவிடும். அச்சகத்துக்கு மட்டும் பிடிஎஃப் கொடுங்கள், டாக்ஸ் வேண்டாம்.

குத்துவிளக்கு:
நெவர் எம்பெட்தான் இருந்தது. மாற்றினேன், செயலாளருக்கு விளக்கு எரிகிறது. நன்றி, அச்சகத்துக்கு ஓடுகிறேன்.

மைப்புட்டி:
சுடர் நுனி?

நீலவானம்:
டேஸ்16-இல் எத்தனை பேர் தட்டுகிறார்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்.