கொல்லைப்பக்க ரெட்டைக் கதவு வெளிய திறக்கணுமா, உள்ள திறக்கணுமா? உதவி பண்ணுங்க

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். வேதாரண்யம் பக்கத்துல வீடு கட்டிட்டு இருக்கோம், ஹால்ல இருந்து கொல்லைப்பக்க சிட்அவுட்டுக்கு போக அஞ்சடி அகலத்துல ரெட்டைக் கதவு, அடுத்த வாரம் நிலை வைக்கணும் முடிவு சொல்லுங்கன்னு ஆசாரி கேக்குறார்.

உள்ள திறந்தா ரெண்டரை அடி ஹால் போயிடும், அங்கதான் அம்மாவோட கட்டில் வருது. வெளிய திறக்குற கதவுன்னா காத்து தள்ளத் தள்ள நிலையோட இன்னும் இறுகும், ஐப்பசி கார்த்திகை சாரலும் உள்ள வர்றது குறையும். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப பழைய வீட்டுல உள்ள திறக்குற கதவு தாழ்ப்பாளோட பிச்சிக்கிச்சு, நானும் அப்பாவும் விடிய விடிய மேஜைய முட்டுக்கொடுத்து புடிச்சிட்டு நின்னோம், அந்த பயம் இன்னும் போகல. அதனால என் மனசு வெளிய திறக்குறதுக்குத்தான் போகுது.

ஆனா கீல் வெளிய இருக்குமே, பின்னை தட்டி எடுத்தா கதவையே கழட்டிடலாம்ல? பின் கழட்ட முடியாத எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கீல் போட்டவங்க சொல்லுங்க, உப்புக்காத்துக்கு 304 கிரேடு ஸ்டீல் தாங்குதா, இல்ல 316 கிரேடு தான் வேணுமா? கொசுவலைய உள்பக்கம் ஸ்லைடிங்கா போட்டா சரியா வருமா? திறந்து வச்ச கதவு காத்துல படார்னு அடிக்காம இருக்க என்ன ஸ்டாப்பர் போட்டீங்க? கடலோரத்துல இருக்கறவங்க உங்க கதவு போட்டோ போட்டா ரொம்ப உதவியா இருக்கும்.